பேய் வரும் படப்புத்தகங்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிக்கு மேற்கே ஒரு கிராமத்து வாசிகசாலையில் சனிக்கிழமைக் காலைகளில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள், தங்கள் பிள்ளைகள் வளர்ந்ததும் பழைய புத்தகங்களைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். திறந்தால் அரைவாசி மிருகங்களும் எழுத்துகளும். மீதியில் ஒரு நல்ல பங்கு, பல்லைக் காட்டும் பூசணிக்காய், வெள்ளைத் துணி போர்த்த பேய், தும்புத்தடியில் பறக்கும் கிழவி.

ஒக்டோபர் நம் நாட்டில் தேசிய வாசிப்பு மாதம். வருடம் முழுவதும் எட்டிப் பார்க்காதவர்களும் அப்போது புத்தகம் கேட்டு வருவார்கள். அந்தப் பேய்ப் புத்தகங்களும் அதே மாதத்துக்கு உரியவை. வாசலில் நின்று ஒரே சந்தேகங்களுக்கு வருடாவருடம் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் எழுதி வைக்கிறேன். பேச்சை எழுத்தாக்கியதைத் தவிர, கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

டீச்சர், இந்தப் பூசணிக்காய்ப் புத்தகங்கள் எதைப் பற்றியவை? காய்க்கு ஏன் கண்ணும் பல்லும்?

ஹலோவீன் என்ற ஒரு நாளைப் பற்றியவை. ஒக்டோபர் 31 இரவு. மறுநாள் நவம்பர் 1 கத்தோலிக்கருக்குப் புனிதர்கள் எல்லோருக்குமான திருநாள். அதன் முன்னிரவு என்பதுதான் ஹலோவீன் என்ற பெயரின் பொருள். அதற்கும் பழையதாக, அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவு அது. இறந்தவர்கள் அன்று வீட்டுப் பக்கம் வருவார்கள் என்று நம்பினார்கள். அங்கே அவர்கள் குடைந்து விளக்கு வைத்தது டர்னிப் கிழங்கில். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, பெரிதாகவும் குடைவதற்கு இலகுவாகவும் கிடைத்த பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளைக்கு இவ்வளவும் சொல்லத் தேவையில்லை. "இது அவர்களுடைய வெருளி" என்றால் போதும். கட்டி முடியாத வீட்டின் முன்னால் தொங்கும் வெருளியையும், மிளகாய்த் தோட்டத்தில் சட்டித் தலையோடு நிற்கும் வெருளியையும் பார்க்காத பிள்ளை வன்னியில் இல்லை. அந்த முகம் பயங்கரமாக இருப்பது நம்மை விரட்ட அல்ல, கண்ணூறையும் குருவியையும் விரட்ட என்பதும் அவர்களுக்குத் தெரியும். பூசணிக்காய் முகத்தின் வேலையும் அதுவே. இதைச் சொன்னவுடன் ஒரு பையன், "அப்படியானால் அது நமக்குக் காவல்" என்றான். நான் அதற்குமேல் விளக்கவில்லை.

நாங்கள் சைவம். இதை வாசித்தால் வேறு சமயத்தைச் சொல்லிக்கொடுப்பது ஆகாதா? பக்கத்து வீட்டில் அவர்கள் சபைக்காரர். இது பிசாசின் பண்டிகை என்கிறார்கள்.

நம்மிடம் வந்த புத்தகங்கள் ஒன்றிலும் வழிபாடு இல்லை. உடுப்பு மாற்றுவதும் இனிப்பு வாங்குவதும் இருட்டில் பயந்து பிறகு சிரிப்பதும்தான் இருக்கின்றன. இறந்தவர்களை நினைக்க ஒரு நாள் வைப்பதும் புதிதல்ல. தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமிக்கும் விரதம் இருக்கிறார்கள். நவம்பர் 2 மாலையில் சேமக்காலைப் பக்கம் போனால் கல்லறைகளில் மெழுகுதிரி எரிகிறது.

சபையில் வேண்டாம் என்று சொன்னால் வாசிக்காதீர்கள். அது அந்த வீட்டின் முடிவு. பெட்டியில் வேறு புத்தகங்கள் நிறைய உண்டு.

எத்தனை வயதில் தொடங்கலாம்?

இரண்டு வயதுக்குள் பேய் என்றால் என்ன என்றே தெரியாது. அந்த வயதுப் பிள்ளையைப் பயப்படுத்துவது படம் அல்ல, திடீரென்று வரும் உங்கள் சத்தம். அட்டைப் புத்தகத்தைக் காட்டலாம். குரலை மட்டும் அடக்குங்கள்.

மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில்தான் கவனம் வேண்டும். இருட்டு, பேய், கட்டிலுக்குக் கீழே ஏதோ என்ற பயங்கள் பிள்ளைகளிடம் தலைகாட்டும் வயது அது. "இது பொய்தான்" என்று வாயால் சொல்லும். ஆனால் கை உங்கள் சட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும். இரண்டும் உண்மை. மூன்று வயதில், கடதாசி மடலைத் திறந்து பின்னால் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் புத்தகங்கள் நல்லவை. மடலைத் திறப்பதா விடுவதா என்பது பிள்ளையின் கையில் இருக்கிறதல்லவா? ஐந்தைத் தாண்டியவர்கள் பயத்துக்குள் இருக்கும் பகிடியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் நாலு வயதில் கெக்கட்டமிட்டுச் சிரிக்கும் பிள்ளையும், ஏழு வயதில் அட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லும் பிள்ளையும் என் பாயில் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பயமில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு நாமே ஏன் பயத்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப்பேர் உண்மையில் கேட்பது, "நாங்கள் பட்டது போதாதா?" என்பதை. அந்தக் கேள்விக்குக் கீழே தனியாக வருகிறேன்.

முதலில், பயமில்லாத பிள்ளை என்று ஒன்று இல்லை. ஆவணியில் நடுச்சாமத்தில் பனம்பழம் தொப்பென்று விழும்போது அது உங்களைத்தான் கட்டிப்பிடிக்கிறது. அந்தப் பயத்துக்கு முகம் இல்லை, தொடக்கம் இல்லை, முடிவு இல்லை. புத்தகத்தில் வரும் பயத்துக்கு எல்லாம் இருக்கிறது. முப்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும். வேண்டாம் என்றால் மூடலாம். மேலே நீங்கள் இருக்கிறீர்கள், மடியில் பிள்ளை இருக்கிறது.

இது வெளிநாட்டு யோசனை என்று நினைக்க வேண்டாம். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறாம் நாள் முருகன் கோயிலில் சூரன்போர் பார்க்கிறோம். அதுவும் அநேகமாக இந்த ஹலோவீன் காலத்தை ஒட்டியே வரும். யானைத் தலை, சிங்கத் தலை, பிறகு கோரைப்பல்லோடு சூரன். தலை மாறி மாறிப் பறை முழங்க ஓடிவருகிறான். தகப்பனின் தோளில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளை அலறிக்கொண்டே கண்ணை மூடி, விரலிடுக்கால் பார்க்கிறது. கடைசியில் மாமரம் பிளந்து சேவலும் மயிலும் ஆகும்போது கை தட்டுகிறது. அடுத்த வருடம், "சூரன் எப்போது வருவான்?" என்று அதுவே கேட்கிறது. தோளில் இருந்ததால்தான் கேட்கிறது. கூட்டத்தில் தனியாக விடப்பட்ட பிள்ளை கேட்காது.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு வாசிக்க வராது. நான் என்ன செய்வது?

வாசிக்க வேண்டாம், படத்தைப் பாருங்கள். படப்புத்தகத்தில் கதையின் பெரும்பகுதி படத்தில்தான் இருக்கிறது. பிள்ளையோடு உட்காருவதற்கு முன் ஒரு தடவை தனியாகப் புரட்டுங்கள். யார் எங்கே போகிறார், எந்தப் பக்கத்தில் பயம் வருகிறது, எங்கே தீர்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு உங்கள் வாயில் வரும் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரிந்த தாய்மாரில் சிலர் ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி மொழிபெயர்ப்பு என்று வாசிக்கிறார்கள். பிள்ளை மூன்றாம் பக்கத்திலேயே எழுந்து கோழியைத் துரத்தப் போய்விடுகிறது.

இந்தப் புத்தகங்களின் உயிர் சத்தத்தில் இருக்கிறது. கதவு கிரீச் என்கிறது, காய்ந்த இலை சரசரக்கிறது, யாரோ டொக் டொக் என்று தட்டுகிறார்கள். அவற்றைத் தாராளமாகச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிடுங்கள். பேய் திடீரென்று எட்டிப் பார்த்து 'பூ!' என்று கத்துவதாக அச்சிட்டிருக்கும். அப்படியே வாசித்தால் நம் பிள்ளை பூவைத் தேடும். நான் செய்திருக்கிறேன். செம்பருத்தியா, மல்லிகையா என்று கேட்டார்கள். 'பே!' என்று சொல்லுங்கள்.

பக்கம் புரட்டும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். புரட்டத் தயங்கினால் காத்திருங்கள். "அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும்?" என்று ஒரு தடவை கேட்கலாம். மூன்று தடவை கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும்.

தும்புத்தடியில் பறக்கிறாளே, அவளைச் சூனியக்காரி என்று சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. அகராதியில் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் சூனியம், செய்வினை என்பது கதைப் பேச்சு அல்ல. வேலிக்கு அப்பால் தனியாக இருக்கும் ஒரு மனுஷியைக் காட்டி, மாடு செத்ததற்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததற்கும் அவள்தான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளை கேட்டிருக்கிறது. புத்தகத்துச் சொல்லும் அந்தச் சொல்லும் ஒன்றாகிவிட்டால், பிள்ளையின் கண்ணில் அந்த மனுஷி பறக்கத் தொடங்கிவிடுவாள்.

எங்கள் பாயில் அவள் பெயர் 'கூர்த்தொப்பி ஆச்சி'. பிள்ளைகள் வைத்த பெயர். இதிலும் ஒரு வில்லங்கம் வந்தது. ஒரு பெடியன் வீட்டுக்குப் போய்த் தன் ஆச்சியின் முன்னால் தும்புத்தடியை நீட்டி, "ஏறுங்கள்" என்றானாம். ஆச்சி என்னிடம் நியாயம் கேட்டு வந்தார். வந்தவர் இருந்து முழுப் புத்தகத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருக்கின்றன. நல்லதை எப்படித் தெரிவு செய்வது?

கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட்டதா? விளக்கு எரிகிறதா? யாராவது அணைத்துக்கொண்டிருக்கிறார்களா? அப்படியென்றால் நடுவில் என்ன வந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை. கடைசிப் பக்கத்தில் கட்டிலுக்குக் கீழே இரண்டு கண் மின்னுவதோடு முடியும் புத்தகங்களும் உண்டு. வெளிநாட்டில் அதைக் குறும்பு என்பார்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதைக் கொடுத்தால், அன்றிரவு அந்தக் கண் உங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும்.

பிறகு, பயமுறுத்துபவரின் அளவைப் பாருங்கள். பேய் தானே பயந்துபோய் அழும் கதைகள், பேய்க்குத் தொப்பி தொலைந்துவிடும் கதைகள், பூதத்தைப் பிள்ளை அதட்டும் கதைகள் நல்லவை. இரத்தம், வெட்டிய கை, தாய் காணாமல் போவது ஆகியவை வரும் புத்தகங்களை நான் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன். இரத்தத்தைக்கூட மன்னிக்கலாம். தாய் காணாமல் போவதை இங்கே விளையாட்டாகச் சொல்ல முடியாது.

இரவில் வாசிக்கலாமா?

மூன்று நான்கு வயதுக்குப் பகலில், அல்லது பின்னேரம் விளக்கு வைப்பதற்கு முன். அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு இரவில் வாசிக்கலாம், ஆனால் அதைக் கடைசிப் புத்தகமாக்காதீர்கள். அதன்பின் ஒரு யானைக்குட்டியோ தோசையோ வரும் கதை ஒன்றை வாசித்துப் படுக்க வையுங்கள்.

மாரியில் கரண்ட் போன இரவு ஒரு விதிவிலக்கு. எல்லோரும் ஒரே பாயில், வெளியே மழை, டோர்ச் வெளிச்சத்தில் பக்கம் மட்டும் தெரிகிறது. ஆறு ஏழு வயதுக்காரர்களுக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. டோர்ச்சைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

வாசித்த அன்றிரவே எழுந்து கத்தினான். புத்தகத்தால்தானே?

எப்போது கத்தினான் என்று பாருங்கள். விடியப்புறம் முழித்து, கனவில் என்ன வந்தது என்று சொல்லி, உங்களைத் தேடி அழுதால் அது கெட்ட கனவு. புத்தகம் காரணமாக இருக்கலாம். கொஞ்சநாள் அதை எடுத்து வையுங்கள். அணைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் படுங்கள். "ஒன்றுமில்லை, படு" என்று அதட்டினால் பயத்தோடு வெட்கமும் சேரும்.

படுத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் எழுந்து, கண் திறந்திருக்க உங்களை அடையாளம் தெரியாமல் அலறி, சில நிமிடங்களில் தானே படுத்து, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது வேறு. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் வருவது. களைப்பிலும் காய்ச்சலிலும் கூடும். பார்ப்பவர்களுக்குத்தான் அது பயங்கரம். உலுப்பி எழுப்ப வேண்டாம், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். நூல் கட்டுபவர்கள் நூல் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வைத்தியரிடமும் சொல்லுங்கள்.

"பேய் உண்மையிலேயே இருக்கிறதா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொன்னேன். அம்மம்மா அதற்குள், புளியமரத்தில் முனி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

நாலு வயதில் அந்தக் கேள்விக்குள் இருப்பது, "அது என்னிடம் வருமா?" என்பது. அதற்குப் பதில் சொல்லுங்கள். "இந்தப் பேய் கடதாசியில் இருக்கிறது. மூடினால் அதுவும் மூடிக்கொள்ளும். நான் பக்கத்தில் இருக்கிறேன்." ஆறு வயதில் உண்மையாகவே கேட்பாள். உங்கள் நம்பிக்கை எதுவோ அதைச் சொல்லுங்கள்.

பிள்ளையின் முன்னால் அம்மம்மாவோடு வாதிட வேண்டாம். மாறாக, முனி என்ன செய்யும் என்று அம்மம்மாவிடம் கேளுங்கள். நம் முனியும் ஐயனாரும் வைரவரும் பயங்கரமான காவல்காரர்கள். வைரவரின் பல்லையும் சூலத்தையும் நாயையும் பார்த்தால் வெளிநாட்டுப் பேய் ஓடிவிடும். ஆனால் அவருக்கு வடைமாலை சாத்துவதையும், பிறகு அந்த வடையைப் பிய்த்துப் பங்கிடுவதையும் பார்த்துத்தான் பிள்ளை வளர்கிறது. அம்மம்மா அந்தக் கதையைச் சொன்னால், வெருளியைப் பற்றி மேலே சொன்ன இடத்துக்கே வந்து சேர்வார்.

சாப்பிடாவிட்டால் அந்தப் புத்தகத்துப் பேய் வரும் என்று சொன்னேன். நன்றாக வேலை செய்கிறது. தவறா?

தவறு. மூடினால் பேயும் மூடிக்கொள்ளும் என்று மேலே சொன்னேன். நீங்கள் அதைச் சமையலறைக்குள் திறந்துவிட்டீர்கள். இனி அந்தப் புத்தகத்தைப் பிள்ளை தொடாது. சோற்றையும் சந்தோஷமாகத் தின்னாது.

மண்டையோட்டுப் படம் என்றால் மிதிவெடி என்று நாங்கள் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். இந்தப் புத்தகத்தில் மண்டையோடு சிரிக்கிறது. குழப்பம் வராதா?

வரும். இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. புத்தகத்தை எழுதியவர்கள் யாரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடும் குறுக்கெலும்பும், மூன்று மொழியிலும் எச்சரிக்கை. போர் முடிந்து 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய எல்லோரும் அந்தப் பலகைகளுக்கு நடுவில்தான் காடு வெட்டினோம். முகமாலைப் பக்கம் வெடி அகற்றும் வேலை அதற்குப் பின்னும் வருடக்கணக்காக நீண்டது. அகற்றி முடிந்த காணியிலும் மழை கழுவிய பிறகு ஏதாவது தலைகாட்டுவதுண்டு. தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் சொல். இந்த மூன்றும் நம் பிள்ளைகளுக்கு அ, ஆவுக்கு முன்னரே தெரிய வேண்டியவை.

அதனால் நான் செய்வது இது. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் மண்டையோடு உள்ள புத்தகத்தை எடுப்பதில்லை. பெரிய பிள்ளைகள் என்றால், புத்தகத்தைத் திறக்கும் முன், "இந்தப் படத்தை வெளியில் பலகையில் கண்டால்?" என்று கேட்கிறேன். மூன்றையும் கத்திச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் முதல் பக்கம். ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், சலித்தாலும் கேட்கிறேன்.

இன்னொன்று. பிள்ளை மண்டையோடு வரைந்தால் கொப்பிக்குள் வரையட்டும். வேலியிலோ மரத்திலோ படலையிலோ அலங்காரமாகத் தொங்கவிட வேண்டாம். வெளிநாட்டில் வீட்டு முற்றமெல்லாம் தொங்கவிடுகிறார்கள் என்று ஒரு மாமா தொலைபேசியில் படம் காட்டினார். அங்கே தொங்கட்டும். இங்கே வெளியில் நிற்கும் மண்டையோட்டுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்.

பிள்ளை எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரிக்கிறது. அப்பம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் யார் பக்கம் நிற்பது?

அப்பம்மாவின் பக்கம். திரும்பி வராத மகனுக்காக 2009 முதல் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் நடனமாடும் எலும்புக்கூடு வேண்டாம். 2023 இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிவந்தபோது, அந்தச் செய்தியை எத்தனை தாய்மார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பிள்ளை அதை வாசிகசாலையில் பார்க்கட்டும். "நாங்கள் பட்டது போதாதா?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். பட்டவர்கள் பார்க்க வேண்டியதில்லை. படாத பிள்ளை சிரிப்பதில் குற்றமும் இல்லை. இரண்டையும் ஒரே திண்ணையில் வைக்காமல் இருந்தால் சரி.

பிள்ளை காரணம் கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "அப்பம்மாவுக்கு அந்தப் படம் கவலை தருகிறது." காணாமல் போன சித்தப்பாவைப் பற்றிக் கேட்டால், வீட்டில் பெரியவர்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அதையே சொல்லுங்கள். இறந்தார் என்றோ இருக்கிறார் என்றோ நீங்களாக முடிவு கட்டாதீர்கள். புத்தகத்தை வைத்து அதை விளக்கப் பார்க்கவும் வேண்டாம். பிள்ளை திரும்பத் திரும்ப அதையே விளையாடினால், தூக்கம் கெட்டால், பேச்சுக் குறைந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கார்த்திகையிலும் கேட்கிறான். கொடுக்கலாமா?

நவம்பர் நடுப்பகுதியோடு இந்தப் புத்தகங்களைக் கட்டி உள்ளே வைத்துவிடுகிறேன். அந்த மாதக் கடைசியில், போரில் இறந்தவர்களை நினைத்து இங்கே எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று உங்களுக்குத் தெரியும். தை பிறந்ததும் மீண்டும் எடுக்கலாம். பிள்ளைக்கு ஹலோவீன் எந்த மாதத்தில் வந்தால் என்ன?

புத்தகத்தில் போல வேடம் போட்டு, இரவில் வீடுவீடாகப் போய் இனிப்புக் கேட்க வேண்டும் என்கிறாள்.

அந்தப் புத்தகங்களில் இருட்டு வெறும் இருட்டு. வெளியே போனாலும் எதுவும் நடக்காது என்பதுதான் கதையே. நம் இருட்டு அப்படி இல்லை. மழை தொடங்கியதும் பாம்பு வெளியில் வரும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் வரும். அதனால் கதையின் அந்தப் பகுதியை நான் அப்படியே விடுவதில்லை: "அங்கே தெருவிளக்கு இருக்கிறது, நாங்கள் டோர்ச் இல்லாமல் இறங்க மாட்டோம்" என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

ஆசையாக இருந்தால் பின்னேரம் நான்கு மணிக்கு, வீட்டுக்குள்ளேயே மூன்று கதவு வைத்துச் செய்யுங்கள். குசினிக் கதவைத் தட்டினால் அம்மம்மா எள்ளுருண்டை கொடுப்பார். பூசணிக்காயைக் குடைந்து வீணாக்க வேண்டாம். கரியால் முகம் வரைந்து வைத்துவிட்டு, மறுநாள் கழுவிக் கறி வையுங்கள்.

எங்கள் ஊரைப் பற்றிய இப்படியான படப்புத்தகம் இல்லையா?

கடையில் தேடினால் குறைவு. இணையத்தில் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தரவிறக்கி அச்சிடவும் அனுமதி உண்டு. அவற்றின் தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ். வாசிக்கும்போது 'பாட்டி'யை 'அம்மம்மா' ஆக்கிவிடுங்கள்.

அதைவிட நல்ல வழி, கொப்பி ஒற்றையை மடித்துத் தைத்து நீங்களே செய்வது. எங்கள் பிள்ளைகள் செய்த முதல் புத்தகத்தில் எட்டுப் பக்கம். 'தொப்' என்று சத்தம். யார்? முனியா? யானையா? கொள்ளிவாய்ப் பேயா? கடைசிப் பக்கத்தில் ஒரு பனம்பழம், அதைச் சுற்றி எறும்பு. கொள்ளிவாய்ப் பேய் என்றதும் ஞாபகம் வருகிறது: சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றும் ஒளியைத்தான் நம் மூத்தவர்கள் அப்படிச் சொன்னார்கள். பூசணிக்காய் விளக்குக்கு ஆங்கிலத்தில் உள்ள ஜாக்-ஓ-லான்டர்ன் என்ற பெயரும் முன்பு அதே சதுப்புநில ஒளியைக் குறித்ததுதான். இதைக் கேட்ட அன்று பிள்ளைகளைவிட அவர்களின் தாத்தாமார் அதிக நேரம் இருந்து கதைத்தார்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறாள். ஆனால் அதே புத்தகம்தான் வேண்டும் என்கிறாள். தினமும் இது ஒரு சண்டை.

சண்டை வேண்டாம். அந்தப் பக்கத்தையும் அடுத்ததையும் சேர்த்து உடுப்புக் கொடியில் போடும் கிளிப் ஒன்றை மாட்டிவிடுங்கள். கதை ஒரு பக்கம் தாண்டிப் போகும், போகட்டும். கிளிப்பைக் கழற்றும் நாளை அவளே முடிவு செய்வாள். ஒரு பிள்ளை மூன்று கிழமையில் கழற்றினாள். இன்னொருத்தி கழற்றாமலே பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அந்தப் புத்தகம் இன்னும் கிளிப்போடுதான் இருக்கிறது. கேட்டு வருபவர்களுக்கும் அப்படியே கொடுக்கிறேன்.